ரேடியேட்டருக்கு அடித்த படகுப் பெயின்ட்

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் என் மகள் டெலிபோனை எடுக்கவில்லை.

ஒரு தடவை இல்லை. பதினொரு தடவை.

மணி அடிக்கிறது... அடிக்கிறது... அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டு ஒன்றரைக்கே வந்திருப்பாள். கதவை உள்ளே மூன்று பூட்டும் போட்டிருப்பாள். ஏனென்றால், போடச் சொன்னவன் நான்.

வழக்கமாக நான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் நீங்கள் சிரிக்கும்படி எதையாவது எழுதிவிட்டுப் போகிறவன். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை தொடங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் ஒரு ரேடியேட்டர், வீட்டைச் சூடாக்கும் இரும்பு!

பலெர்மோவில் ரேடியேட்டரா என்று பாரிசிலும் மிலானிலும் இருக்கும் வாசகர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். இங்கே பல வீடுகளில் அது கிடையாது. மூன்று வருடம் இதே ஊரில், அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில், ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். வாசலை விட்டு இறங்கினால் பல்லரோ சந்தை, இரண்டு நிமிடத்தில் மீன். ஆனால் மழைக்காலம் முழுக்கச் சுவர் வியர்க்கும். என் மகள் டிலானிக்குப் பத்து வயது. சின்னதிலேயே தொய்வு, அதாவது ஆஸ்துமா. அவள் மூச்சு இழுக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். டாக்டர் கடைசியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: ஈரமில்லாத வீடு பாருங்கள்.

பார்த்தோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால், நான்காம் மாடி. சுவரோரம் இரும்புப் பட்டை பட்டையாக நான்கு ரேடியேட்டர்கள். கட்டடத்தின் நிலவறையில் ஒரு பெரிய கொதிகலன். அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் சுடுதண்ணீர் ஓடும், இரும்பு சூடாகும், வீடு காயும்.

டிலானியின் மூச்சுக்காக எடுத்த வீடு இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

எங்கள் ஆட்கள் ரேடியேட்டரைக் கண்டால் முதலில் என்ன செய்வார்கள்? உடுப்புக் காயப்போடுவார்கள்! என் மனைவியும் போட்டாள். துவாய், சாரம், சொக்ஸ் எல்லாம் பிழியாத ஈரத்தோடு. சூடு விடாத மாதங்களிலும் பழக்கதோஷத்தில் அதன் மேலேயே தொங்கின. ஒரு வருடத்தில் வெள்ளைப் பட்டைகளில் செம்மண் நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு. எங்கள் ஊரில் கறள் என்போம்.

நவம்பரில் ஒருநாள் டிலானியின் பள்ளி வெள்ளை மேலங்கியில் அந்தக் கறள் பிடித்துவிட்டது. தோளில் ஒரு கோடு. எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"டீச்சர் கேட்டவா, வீட்டிலை என்ன நடக்குது எண்டு," என்றாள் மகள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒருவனிடம் கேட்டுப் பாருங்கள். 'வீட்டில் என்ன நடக்கிறது' என்று பள்ளிக்கூடம் கேட்டால் எங்களுக்கு அது விசாரணை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கறளை ஒழித்துக் கட்டுவது என்று முடிவெடுத்தேன்.

நான் மன்னார்க் கடற்கரையில் பிறந்தவன். பிறகு படித்தேன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், இப்போது இங்கே ஒரு வக்கீல் வீட்டில் தரை துடைக்கிறேன். அதெல்லாம் வேறு கதை. ஆனால் கறளைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடுபடும், அதற்கு என்ன பூசவேண்டும்... நாங்கள் பார்க்காததா?

சூசை அண்ணையிடம் போனேன். எங்கள் ஊர்க்காரர், இங்கே துறைமுகத்தில் படகு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை. இரண்டு டின் தூக்கி வைத்தார். ஒன்று கறுப்பு, தார் கலந்தது. மற்றது வெள்ளை.

"தம்பி, இது கடலுக்குள்ளை வருசக்கணக்காக் கிடந்தாலும் அசையாது."

"வீட்டுக்கு அடிக்கலாமோ அண்ணை?"

"கடலையே தாங்கிறது உன்ரை வீட்டைத் தாங்காதே? கொண்டு போ!"

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. இல்லையா? நீங்களும் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

அந்த ஞாயிறு மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். டிலானிக்குச் சளி என்று என்னோடு விட்டுவிட்டுப் போனாள். நானும் மகளும் பெயின்ட் அடித்தோம். சுரண்டினோமா? மேலோட்டமாக. கரையில் படகுக்கு மூன்று கை, அதாவது மூன்று பூச்சு, அடிப்பது வழக்கம். மூன்று கை தடிப்பாக அடித்தேன். கறுப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. பார்க்கப் புது இரும்பு மாதிரி. தரையில் கொஞ்சம் சிந்தியது. அதை எதனால் துடைத்தோம் என்பது எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். மனைவிக்குச் சொல்வதில்லை என்று கை அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம்.

ஒரு வாரத்தில் மணமெல்லாம் போய்விட்டது. குளிர் தொடங்கியதும் யன்னல் இடுக்குகளையெல்லாம் அகலமான டேப்பால் ஒட்டினேன். குளிர்காற்று பட்டால் அவளுக்குத் தொய்வு வருமே.

டிசம்பர் பிறந்தது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள்: செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு இந்த வருடத்தின் முதல் சூடு.

"நாளைக்குப் பின்னேரம் வீடு நல்ல சூடா இருக்கும், பிள்ளை," என்று அவளுக்குச் சந்தோஷமாகச் சொன்னேன்.

சொன்னேன்தான்.

இனி, அந்த வீட்டின் சட்டங்களைச் சொல்லவேண்டும். கதவின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து. பள்ளி விட்டு வந்து நாங்கள் வரும்வரை அவள் தனியே இருக்கும் நேரத்துக்கானது.

ஒன்று, மூன்று பூட்டும் போடவேண்டும். இரண்டு, யன்னல் திறக்கக்கூடாது. மூன்று, அடுப்புத் தொடக்கூடாது. நான்கு, யார் தட்டினாலும் கதவு திறக்கக்கூடாது. தெரிந்த குரலாக இருந்தாலும், ஏனென்றால் குரலை மாற்றியும் கதைப்பார்கள். ஐந்து, டெலிபோன் இரண்டு மணி அடித்து நின்று, திரும்ப அடித்தால் மட்டும் எடுக்கவேண்டும். அது அப்பா.

இந்த ஐந்தாவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே. வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தால் இரண்டு மணி விட்டு வைத்துவிடுவோம். 'வந்திட்டன்' என்று அர்த்தம். காசும் போகாது. அதையே மகளுக்கு அடையாளமாக வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பத்து வயதுப் பிள்ளை தனியே இருக்கிறது என்று வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் யாராவது யாருக்காவது சொல்வார்கள். சொன்னால் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். பிறகு குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகம், பெர்மெசோ என்னும் வதிவிட அனுமதி என்று வந்து முடியும். இதுதான் என் பயத்தின் பாதை. எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும்.

செவ்வாய், நாலு மணி. வக்கீல் வீட்டில் வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். டெலிபோன் எனக்கு என்றார் வீட்டுக்கார அம்மா. இங்கே சிஞ்ஞோரா என்போம். எங்கள் எதிர்வீட்டு சிஞ்ஞோரா பீனா பேசினார். அறுபது வயதுக்காரி. அவசரத்துக்கு என்று என் மனைவி அவரிடம் இந்த நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள்.

"உங்கள் கதவுக்குக் கீழால் தார் மணம் வருகிறது. உள்ளே பிள்ளை இருமுகிறது. தட்டித் தட்டிக் கை நோகிறது, திறக்கமாட்டேன் என்கிறாள். தீயணைப்புக்காரரைக் கூப்பிடட்டுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வேண்டாம்" என்றேன்.

சீருடைக்காரர் வந்தால் எழுதுவார்கள், எழுதினால் கேட்பார்கள்... அந்தப் பழைய பாதை ஒரு நொடியில் முழுதாக ஓடி முடிந்துவிட்டது. "பொறுங்கள், நான் அவளோடு கதைக்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். உள்ளே பிள்ளை இருமுகிறாள், நான் வதிவிடக் கடதாசியை நினைத்தேன். இதை எழுதாமல் விடலாம். நான் எழுதாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

வீட்டுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. பத்து மணிச் சத்தம், பதினைந்து மணிச் சத்தம் என்று ஒவ்வொரு தடவையும் அடித்து ஓய்ந்தது. என் விரல் இலக்கங்களைத் தவறவிட்டது. வக்கீல் வீட்டு சிஞ்ஞோரா ரிசீவரை வாங்கி அவரே இலக்கங்களைச் சுழற்றினார். பதினொரு தடவை.

"ஓடு," என்றார் அவர். "கரண்டியை வைத்துவிட்டு ஓடு!"

கையில் கரண்டி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் பஸ் இல்லை. பக்கத்தில் கார்ட் போடும் டெலிபோன் பெட்டி. கார்டைத் திணித்து அடித்தேன். ஒரு மணி... இரண்டாவது மணி... தெரு முனையில் பஸ்! ரிசீவரை அறைந்துவிட்டு ஓடினேன். என் பஸ் இல்லை. வேறு நம்பர். அது என்னைக் கடந்து போனது. திரும்பி வந்து மறுபடி அடித்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா?"

அந்தக் குரலில் பாதி காற்றுத்தான் இருந்தது.

"பிள்ளை! ஏன் இவ்வளவு நேரமும் எடுக்கேல்லை?"

"ஆரோ... கனக்க நேரம் அடிச்சவை. நீங்கள் இல்லைத்தானே... எடுக்கேல்லை."

ஆரோ. அந்த 'ஆரோ' நான்தான் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"மணக்குதோ?"

"ஓம். கண் எரியுது. நான் போர்வைக்குள்ளை இருக்கிறன்."

"யன்னலைத் திற, கெதியா!"

"திறக்கக்கூடாது எண்டனீங்கள்... டேப் வேறை ஒட்டியிருக்கு."

"அப்ப கதவைத் திற. வெளியிலை சிஞ்ஞோரா பீனா நிக்கிறா. அவவோடை போ."

இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது. விசிலடிப்பது போல.

"டிலானி!"

"உண்மையா... நீங்கள் அப்பாதானோ?"

குரலை மாற்றியும் கதைப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். என் குரல் அப்போது என் குரலாகவும் இருந்திருக்காது.

"அப்பாதான். என்னத்தையும் கேள். கெதியாக் கேள்!"

"பெயின்ற்... கீழை ஊத்துப்பட்டது... எதாலை துடைச்சனீங்கள்?"

"அம்மான்ரை நீலச் சோட்டியாலை!" என்று, மனைவி வீட்டில் போடும் கவுனின் பெயரை நடுத்தெருவில் நின்று கத்தினேன். "அம்மான்ரை புதுச் சோட்டியாலை! குப்பைக்குள்ளை போட்டனாங்கள்!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரிசீவர் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு பூட்டு. இரண்டு. மூன்றாவதுக்கு நேரம் எடுத்தது... அது எப்போதும் கொஞ்சம் இறுக்கம். எண்ணெய் விடவேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் மனைவி. பிறகு கதவு. பிறகு பீனாவின் குரல், "ஃபில்யா மியா, ஃபில்யா மியா" என்று, என் மகளைத் தன் மகளே என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படித் திருப்பத்தில், திறந்த யன்னலுக்குக் கீழே, நாற்காலியில் இருந்தாள். பீனாவின் கம்பளிச் சால்வை. கையில் மருந்துப் பம்ப். உதடு ஒரு மாதிரி நீலம். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

பீனாவே வாடகைக்காருக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் முகமூடியால் மருந்துக் காற்றுக் கொடுத்தார்கள். உதடு சிவந்தது. வேலையிலிருந்து நேராக ஓடிவந்த மனைவி அவள் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

டாக்டர், "வீட்டில் பிள்ளையோடு யார் இருந்தது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பீனா, "நான்," என்றார். "எதிர்வீட்டில்."

அன்றிரவு பீனா வீட்டில்தான் மூவரும் படுத்தோம்.

மறுநாள் காலை பீனாவின் தம்பி நினோ வந்தார். குழாய், ரேடியேட்டர் வேலைதான் அவர் தொழில். எங்கள் வீட்டுக்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். பெயின்ட் கொப்பளித்து, வெள்ளைக்குள்ளால் கறுப்பு வழிந்திருந்தது. அதன் நடுவே, பழைய இடத்திலேயே, பழைய கறள் பொட்டுகள்!

"இது என்ன பெயின்ட்?"

"படகுக்கு அடிப்பது."

நினோ ஒரு கொப்பளத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். "கடலில் தண்ணீர் வெளியே, குளிராக. இதில் தண்ணீர் உள்ளே, கொதிக்கக் கொதிக்க. உன் படகு எப்போதாவது கொதித்ததா?"

இல்லை. எங்கள் படகுகள் கொதித்ததே இல்லை.

வாளியில் கம்பிப் பிரஷ்ஷைப் போட்டு என் கையில் தந்தார். இரண்டு நாள் வாசல், யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்து, சூடு வரும் குழாயை மூடி, சுரண்டினேன். வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டவேண்டுமாம். கறள் மேல் பெயின்ட் அடித்தால் அது உள்ளே இருந்து தன் வேலையைப் பார்க்குமாம். சுரண்டிய தூசியைத் துடைத்து, ஈரம் காயவிட்டு, ரேடியேட்டருக்கென்றே விற்கும் கறள் தடுப்பு ஒரு கை, சூடு தாங்கும் பெயின்ட் மெல்லிசாக இரண்டு கை. இரும்பு குளிர்ந்திருக்கும்போது மட்டும். முதல் தடவை சூடு விடும் நாளில் ஒருவரும் வீட்டில் இருக்கக்கூடாது, எல்லா யன்னலும் திறந்திருக்கவேண்டும். ஒரு குழாய் மூட்டில் கசிவு இருந்தது, அதையும் இறுக்கினார். அடியில் இருந்த கறளுக்கு அதுதான் காரணமாம். மேலே இருந்ததற்கு?

"ஈர உடுப்பு," என்றார் நினோ. "ரேடியேட்டர் கொடியல்ல, சிஞ்ஞோரா."

"விளங்குது," என்றாள் என் மனைவி தமிழில். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப என்ரை நீலச் சோட்டியும் இஞ்சைதான் எங்கையோ காயுது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான், என்னப்பா?" என்றாள்.

ஆஸ்பத்திரியிலேயே மகள் சொல்லிவிட்டாளாம். சத்தியமாவது, ஒன்றாவது!

அன்றைக்குத்தான் வீட்டில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பீனாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: பிள்ளை தனியே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு வருடமாகத் தெரியும்," என்றார். "தினம் ஒன்றரைக்கு மூன்று பூட்டுச் சத்தம் கேட்கும். மூன்றாவது கேட்ட பிறகுதான் நான் கோப்பி வைப்பேன்."

பாருங்கள். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று நான் மூன்று பூட்டுப் போட வைத்திருக்கிறேன். அந்தப் பூட்டுச் சத்தத்தையே ஒரு மனுஷி தினமும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்! நாங்கள் யாருக்குப் பயந்து ஒளிகிறோமோ அவர்களில் பாதிப் பேர், பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

நேற்றுத்தான் மகளிடம் கேட்கத் துணிவு வந்தது. அந்தப் பதினொரு தடவையும் மணி அடித்தபோது என்ன செய்துகொண்டிருந்தாய்?

வீட்டுப்பாடக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"எண்ணிக்கொண்டிருந்தனான். ரெண்டிலை நிண்டால் நீங்கள்தானே. ஒவ்வொரு தரமும் மூண்டாவது அடிச்சிட்டுது."

பதினொரு தடவையும் அவள் இரண்டுக்காகக் காத்திருந்தாள். பதினொரு தடவையும் நான் மூன்றாவதை அடித்தேன். நான் போட்ட சட்டம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று கதவடிக்குப் போனேன். கிழிக்க விடவில்லை. நல்ல சட்டங்கள்தானாம், ஒன்றுதான் குறைகிறதாம். பேனையை எடுத்துவந்து என் ஐந்துக்கும் கீழே ஆறாவதை அவளே எழுதினாள்:

'மூச்சு விட ஏலாட்டி முதல் திறக்கிறது. அப்பாவைப் பிறகு கேக்கிறது.'